டயரில் தேடிய பாரம்

சேலம், நாமக்கல் சமவெளியின் லாரித் தொழிலைப் பற்றி எழுதுகிறவர்கள் பாடி கட்டும் பட்டறைகளிலிருந்தே தொடங்குவது வழக்கம். 1950களின் பிற்பகுதியில் மரத்தச்சர்களும் கொல்லர்களும் வெறும் சேஸிஸின் மேல் பாடி கட்டப் பழகியது, மழை பொய்த்த மானாவாரி நிலத்தை நம்ப முடியாத குடும்பங்கள் லாரி வாங்கியது, பின்பு ரிக் வண்டி, டேங்கர், டிரெய்லர் என்று தொழில் கிளைத்தது என்று அந்தக் கதை போகும். அதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் லாரியின் மேற்பாதியை மட்டும் பார்த்து எழுதப்பட்ட கதை அது. கீழே, சாலையைத் தொடும் இடத்தில் இன்னொரு வரலாறு இருக்கிறது. கம்பெனி கொடுத்த டிஸ்கை, அதாவது டயர் மாட்டும் இரும்புச் சக்கரத்தை, அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குச் சொன்ன அளவைவிடப் பெரிய, பல் ஆழமான டயரை ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தின் வரலாறு. இதைச் சிலர் அறியாமை என்றும் சிலர் பேராசை என்றும் ஒதுக்கிவிடுகிறார்கள். என் கருத்து வேறு. ஒரு வண்டி எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதை அரசும் சந்தையும் நெடுங்காலமாக டயரைப் பார்த்தே கணக்கிட்டன. அதனால்தான் வண்டிக்காரர்களும் கூடுதல் பாரத்தை டயரிலேயே தேடினார்கள். அந்தத் தேடல் குறைந்ததும் அபராதத்தால் அன்று. டயரைப் பெரிதாக்குவதைவிட டயரின் எண்ணிக்கையைக் கூட்டுவது லாபம் என்றான பிறகுதான் அது தளர்ந்தது.

இதை விளங்கிக்கொள்ள லாரிக்கு முன்பு இதே பாதைகளில் ஓடிய பார வண்டியிலிருந்து தொடங்க வேண்டும். பார வண்டியின் சக்கரத்தில் குடம், ஆரக்கால், வட்டை எல்லாம் தச்சர் வேலை. வெளியே ஓடும் இரும்புப் பட்டா கொல்லர் வேலை. இருவரும் ஒரு அளவில் சந்தித்தாக வேண்டும். பட்டாவின் உள்சுற்றளவு வட்டையின் வெளிச்சுற்றளவைவிடச் சற்றே குறைவாக இருக்கும்படி கொல்லர் வளைத்துப் பற்றவைப்பார். எருமூட்டம் போட்டுப் பழுக்கக் காய்ச்சினால் இரும்பு விரியும். அந்தச் சூட்டில் சக்கரத்தின்மேல் இறக்கித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கிக் கவ்வும். அளவு கூடிப்போனால் கோடை வெயிலில் மரம் காய்ந்து சுருங்கும்போது பட்டா கழன்றுவிடும். குறைந்துபோனால் வட்டையின் பொருத்துகள் பிளக்கும், ஆரக்கால் வளையும். சக்கரத்துக்குப் பட்டா, பட்டாவுக்குச் சக்கரம் என்று இரண்டையும் ஒன்றாக வைத்தே அளந்தார்கள். கனமான பட்டா போட்டால் கூடுதல் மூட்டை ஏற்றலாம் என்று யாரும் நினைக்கவில்லை. வண்டியின் பாரத்தை மாட்டின் வலுவும் அச்சின் கனமும் பாதையின் நிலையும் தீர்மானித்தன. சக்கரத்தின் விளிம்பில் மட்டும் கைவைத்துப் பாரத்தைக் கூட்ட முடியும் என்ற எண்ணம் காற்றடைத்த டயரோடுதான் வந்தது.

காற்று டயரின் முதல் காப்புரிமை 1845இல் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளருக்குக் கிடைத்தது. அது மறக்கப்பட்டு, 1888இல் ஜான் பாய்டு டன்லப் மிதிவண்டிக்காக மீண்டும் கண்டுபிடித்தார். டன்லப் பெயரிலான நிறுவனம் 1936இல் வங்காளத்தின் சாகாகஞ்சில் டயர் ஆலை அமைத்தது. மாட்டு வண்டிக்கென்றே காற்று டயர்கள் சந்தைக்கு வந்தன. பிறகு தமிழ்நாட்டுச் சமவெளி எங்கும் கழித்துப்போட்ட மோட்டார் வண்டிகளின் அச்சும் சக்கரமும் மாட்டு வண்டிக்கு இடம்பெயர்ந்தன. அதுதான் நாம் இன்றும் பார்க்கும் டயர் வண்டி. ஒரு வாகனத்துக்கென்று செய்த டயர் இன்னொரு வாகனத்தின் பாரத்தைச் சுமப்பது இங்கே அப்படித்தான் இயல்பானது. இதில் சட்டத்தின் பங்கையும் பார்க்க வேண்டும். சுமை இழுக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டின் வதைத் தடுப்பு விதிகள், சிறிய காளை இழுக்கும் இரு சக்கர வண்டியில் காற்று டயர் இல்லையென்றால் 500 கிலோவும், காற்று டயர் இருந்தால் 750 கிலோவும், பால் பேரிங் இருந்தால் 1,000 கிலோவும் ஏற்றலாம் என்றன. காளை அதேதான், கழுத்தும் அதேதான். சக்கரத்தை மாற்றியதும் பாரம் ஒன்றரை மடங்காகிறது. உருளும் சக்கரத்தின் எதிர்ப்பு குறைகிறது என்ற இயற்பியல் உண்மைதான் அந்த விதியின் அடிப்படை. சமதரையில் அது சரியும்கூட. மேட்டில் ஏறும்போதும், இறக்கத்தில் வண்டியைத் தடுத்து நிறுத்தும்போதும் கூடுதல் எடையின் சுமை காளையின் மேல்தான் விழுகிறது. பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக இருந்த என். எஸ். ராமசாமி மாட்டு வண்டியைச் சீரமைக்கப் பல ஆண்டுகள் வாதாடியபோது, சக்கரத்தோடு நிற்காமல் நுகத்தடியையும் வண்டியின் சொந்த எடையையும் சேர்த்தே பேசினார். அந்த முழுமையான பார்வை பின்னால் லாரிக்குக் கிடைத்திருந்தால் பல விபத்துகள் தவிர்ந்திருக்கும்.

மோட்டார் வண்டிக்கான சட்டமும் இதே வழியில்தான் நடந்தது. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வேக வரம்பை வகுத்தபோதே எல்லாச் சக்கரங்களிலும் காற்று டயர் உள்ள வண்டி, இல்லாத வண்டி என்று பிரித்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 58ஆம் பிரிவு இன்னும் தெளிவானது. சரக்கு வண்டியின் சக்கரங்களில் மாட்டிய டயர்களின் எண்ணிக்கை, தன்மை, அளவு, வண்டியின் தயாரிப்பு, மாதிரி ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு அதன் மொத்த எடையையும் ஒவ்வொரு அச்சின் பாதுகாப்பான எடையையும் மத்திய அரசு அறிவிக்கலாம் என்கிறது அது. வரிசையில் முதலில் நிற்பது டயர். அடுத்த ஆண்டு வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளின் 95ஆம் விதி, டயரின் அளவையும் அதன் வலுவைக் குறிக்கும் பிளை எண்ணையும் அது தாங்கும் உச்ச எடையையும் அட்டவணையாகவே கொடுத்தது. இந்தச் சட்டங்களை எழுதியவர்கள் டயர் வெடித்து வண்டி கவிழக்கூடாது என்றுதான் எழுதினார்கள்; நோக்கத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் பெரிய டயருக்குப் பெரிய எடை என்று அட்டவணை சொன்னால், அதைப் படிக்கும் லாரிக்காரர் என்ன முடிவுக்கு வருவார்? பெரிய டயரை ஏற்றினால் பெரிய எடை ஏற்றலாம் என்ற முடிவுக்குத்தான்.

சேலத்து மண்ணின் சரக்கும் அந்த முடிவின் பக்கமே தள்ளியது. சேலத்தை ஒட்டிய சுண்ணாம்பு மலைகளில் வெட்டப்படும் மேக்னசைட், சேர்வராயன் மலையிலிருந்தும் கொல்லி மலையிலிருந்தும் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறங்கிய பாக்சைட், 1963இல் தொடங்கிய சங்ககிரி சிமென்ட் ஆலையின் மூட்டைகள், 1981 முதல் இயங்கும் சேலம் உருக்காலையின் எஃகுச் சுருள்கள் எல்லாமே அடர்த்தியான சரக்குகள். பாடியில் பாதி உயரம் நிரம்புவதற்குள் எடை வரம்பு எட்டிவிடும். பஞ்சுப் பொதி ஏற்றும் வண்டிக்கு இடம்தான் எல்லை. கல் ஏற்றும் வண்டிக்கு எடைதான் எல்லை. லாரி வாடகை பெரும்பாலும் டன்னுக்கு இவ்வளவு என்று பேசப்பட்டதால், டீசல், டிரைவர் படி, தவணை, பர்மிட் எல்லாவற்றுக்கும் பிறகு உரிமையாளருக்குக் கையில் நிற்கும் காசு கடைசியாக ஏற்றிய ஒன்றிரண்டு டன்னில்தான் இருந்தது. ஒரே லாரியைத் தவணையில் வாங்கி, அண்ணன் ஸ்டியரிங் பிடிக்க, தம்பி கிளீனராகப் போன குடும்பத்துக்கு அந்த ஒன்றிரண்டு டன்தான் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். நாமக்கல்லின் பாடித் தொழில் இதற்கு இன்னொரு வசதியும் செய்தது. வண்டி வெறும் சேஸிஸாகவே வந்ததால், எந்த டயர் போடப்போகிறோம் என்பதை வைத்துப் பாடியின் அடித்தளத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் விடலாம் என்று பட்டறையிலேயே முடிவுசெய்ய முடிந்தது. ஆலையிலேயே பாடியும் கட்டி வரும் வண்டியில் இந்தச் சலுகை கிடையாது.

அப்படியானால் டயரை மாற்றும்போது உண்மையில் என்ன நடக்கிறது? டியூப் டயர்க் காலத்து லாரிகளின் அளவு முறை எளிமையானது. 9.00-20 என்றால் டயரின் அகலம் சுமார் 9 அங்குலம், ரிம்மின் விட்டம் 20 அங்குலம். 10.00-20, 11.00-20 ஆகியவற்றுக்கும் ரிம் விட்டம் அதே 20தான். ஆகவே மூன்றும் ஒரே டிஸ்கில் ஏறி உட்காரும். இதுதான் சபலத்தின் தொடக்கம். ஏறினாலும் மூன்றுக்கும் தரநிலையான ரிம் அகலம் வேறு: முதலாவதற்கு 7 அங்குலம், அடுத்ததற்கு ஏழரை, கடைசிக்கு 8. லாபம் இருப்பது உண்மை. சுமையைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்றுதான். பெரிய டயரில் அதிகக் காற்று அடங்குவதால் அதே அழுத்தத்தில் அதிக எடையைத் தாங்கும். 9.00-20 இருந்த இடத்தில் 10.00-20 வந்தால் டயரின் விட்டம் மூன்றரை செண்டிமீட்டர் போல் கூடுகிறது, அதாவது அச்சு தரையிலிருந்து இரண்டு செண்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக உயர்கிறது. ஒரு சுற்றில் ஓடும் தூரம் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு அதிகம். டயர் மெதுவாகச் சூடாகிறது, பள்ளத்தில் இடி குறைகிறது, பல்லும் ஆழமாக இருப்பதால் தேயவும் நாளாகிறது. பாரம் ஏற்றிய சின்ன டயர் சித்திரை வெயிலில் சூடேறி வெடிப்பதைக் கண்ட உரிமையாளர் பெரிய டயருக்குப் போனது கண்மூடித்தனமான செயலே அல்ல. டயர் என்ற ஒரே உறுப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் கணக்கு சரி.

மற்ற உறுப்புகளைச் சேர்த்தால்தான் கணக்கு பிசகுகிறது. ஏழரை அங்குல ரிம் கேட்கும் டயரை 7 அங்குல ரிம்மில் ஏற்றினால் டயரின் கால்கள் உள்ளே இழுபட்டு, பக்கச்சுவர் உப்பி, மேல்முகம் வட்டமாகத் திரளும். நடுப்பகுதி மட்டும் தேயும். வளைவில் வண்டி ஆடும். பின்னச்சில் இரட்டை டயர்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை டிஸ்கின் வளைவுதான் தீர்மானிக்கிறது. டிஸ்க் மாறாமல் டயர் மட்டும் அகலமானால் இடைவெளி சுமார் இரண்டு செண்டிமீட்டர் சுருங்குகிறது. பாரம் ஏறி டயர்கள் அமுங்கும்போது பக்கச்சுவர்கள் ஒன்றையொன்று உரசும். சிக்கிய கல் சுவரை அறுக்கும். டயரை நழுவாமல் பிடிக்கும் லாக் ரிங் வைத்த ரிம்மின் ஆபத்து இதைவிடக் கொடியது. வெவ்வேறு ரிம்களின் வளையங்களைக் கலந்து மாட்டிக் காற்று அடித்தால், வளையம் பிதுங்கிப் பறந்து எதிரே குந்தியிருப்பவரின் உயிரைக் குடிக்கும். அமெரிக்காவில் இப்படிப்பட்ட பல துண்டு ரிம்களைக் கையாள 1980இல் தனிப் பாதுகாப்பு விதியே கொண்டுவந்தார்கள்; கூண்டுக்குள் வைத்துத்தான் காற்று அடிக்க வேண்டும் என்றார்கள். நம் சாலையோரப் பஞ்சர் கடைகளில் அந்தக் கூண்டு எத்தனை இடத்தில் இருந்தது? பெரிய டயருக்கான விலையை உரிமையாளர் கொடுத்தார். ஆபத்தை ஏற்றுக்கொண்டது சம்மட்டி பிடித்த கூலிக்காரர். இந்த வரலாற்றில் மிகக் குறைவாக எழுதப்பட்டவர் அவர்தான்.

பிரேக்கை எடுத்துக்கொள்வோம். டிரம்மின் அளவும் லைனிங்கின் அகலமும் மாறாமல் சக்கரத்தின் ஆரம் மட்டும் மூன்றரைச் சதவீதம் கூடினால், அதே வண்டியை அதே தூரத்தில் நிறுத்தப் பிரேக் அவ்வளவு கூடுதலாக உழைக்க வேண்டும். இது சிறிய எண் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெரிய டயர் மட்டுமே தொப்பூர் கணவாயில் ஒரு லாரியைக் கவிழ்த்துவிடாது. ஆனால் பெரிய டயர் தனியாக வருவதில்லை. அதை நம்பி ஏற்றிய பாரமும் உடன் வருகிறது. தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் அந்தச் சரிவில், மொத்த எடை பாதி கூடினால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலும் பாதி கூடும். கொல்லி மலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் வண்டிக்கும் இதே நிலைதான். ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டலாம், டயரைப் பெரிதாக்கலாம், டிரம்மையும் அச்சையும் ஹப் பேரிங்கையும் சாலையோரத்தில் யாராலும் பெரிதாக்க முடியாது. சாலையும் அப்படித்தான். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த பெரிய சாலைச் சோதனை, சாலைக்கு ஏற்படும் சேதம் அச்சு எடையின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் ஏறுகிறது என்று காட்டியது. 10.2 டன் வரம்புள்ள அச்சில் 15.3 டன் ஏற்றினால் எடை ஒன்றரை மடங்கு, சேதம் ஐந்து மடங்கு. வாடகை வாங்கியவர் ஒருவர், சாலைக்குச் செலவழித்தவர்கள் எல்லோரும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். இவ்வளவு சுற்றி வளைப்பானேன், ஓவர்லோடு ஆசைதான் காரணம், டயர் வெறும் கருவி என்பார்கள். ஆசை காரணம் என்றால், டயருக்கு இப்பகுதி கொடுத்த கவனத்தை அது விளக்காது. டீசலுக்கு அடுத்த பெரிய ஓட்டச் செலவு டயர். ஆறு சக்கர லாரிக்கு ஸ்டெப்னியோடு ஏழு டயர். அவற்றைப் புதிதாக மாற்றிக்கொண்டே இருந்தால் வண்டி ஓட்ட முடியாது. அதனால்தான் தேய்ந்த டயருக்கு மேல்பூச்சு போடும் ரீட்ரெடிங் தொழில் தமிழ்நாட்டில் புது டயர்த் தொழிலுக்கு முன்பாகவே வேர் விட்டது. கே. எம். மாம்மன் மாப்பிள்ளை 1946இல் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கி, 1952இல் ரீட்ரெடிங்குக்கான டிரெட் ரப்பர் செய்தார், எம்.ஆர்.எஃப். ஆலையின் முதல் டயர் 1961இல்தான் வெளிவந்தது. மேற்பரப்பு முதலில், முழு டயர் பிறகு என்ற இந்த வரிசை, நம் லாரிக்காரர்கள் டயரின் உடலை எத்தனை முறை பயன்படுத்தினார்கள் என்பதற்குச் சாட்சி. பாரம் ஏற்றினாலும் உடல் கெடாத, இரண்டு மூன்று முறை ரீட்ரெட் செய்யத் தாங்கும் டயர்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அந்தத் தாங்குதலுக்காகவும் அவர்கள் ஒரு அளவு பெரிதாகப் போனார்கள். பாரம் ஏற்றாத உரிமையாளரும்கூட அப்படிப் போக நியாயம் இருந்தது. ஆசை என்ற ஒரே சொல்லில் இதை அடக்கிவிட முடியாது.

சந்தையில் விற்ற டயரே இதற்கு வலுவான ஆதாரம். 1978இல் எம்.ஆர்.எஃப். கொண்டுவந்த சூப்பர்லக்-78 நாட்டில் மிக அதிகம் விற்ற லாரி டயராக வளர்ந்தது. குறுக்கே ஆழமான கட்டைகள் பதித்த அந்த முகம் மற்ற நாடுகளில் பெரும்பாலும் சுரங்கத்துக்கும் கட்டட வேலைக்கும் மண் பாதைக்கும் போகிற வண்டியில் காணப்படுவது. இங்கே அது தேசிய நெடுஞ்சாலையின் டயர். மேலை நாட்டில் நேர்க்கோட்டுப் பள்ளங்கள் உள்ள டயர் நீண்ட தூரத்துக்கு என்றும், கட்டை டயர் காட்டுப் பாதைக்கு என்றும் பிரித்தார்கள். நம் லாரிக்காரர்கள் முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு மற்றது என்று பிரித்தார்கள். நெடுஞ்சாலை என்று பெயர் இருந்தாலும் அன்று சேலத்திலிருந்து புறப்படும் லாரி ஒரே ஓட்டத்தில் தார்ச் சாலை, பெயர்ந்த ஜல்லி, குவாரிப் பாதை மூன்றையும் தாண்ட வேண்டியிருந்தது. கட்டை டயரைத் தேர்ந்தது அந்தப் பாதைக்குப் பொருத்தமான முடிவு என்றே நான் மதிப்பிடுகிறேன். ரப்பர் அதிகம் இருப்பதால் அதிக நாள் ஓடும், அதிகம் சூடாகும். மெதுவாகப் போகும் வண்டியில் சூடு பெரிய பிரச்சினையாக இல்லை. நாலு வழிச் சாலை வந்து வேகம் கூடியபோதுதான் அந்தக் குறை வெளிப்பட்டது.

இன்னொரு மறுப்பு திருச்செங்கோட்டிலிருந்து வரும். அங்கிருந்து போய் இந்தியா முழுக்கவும் ஆப்பிரிக்காவிலும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் உழுத வயலிலும் களிமண்ணிலும் இறங்க வேண்டியவை. அவற்றுக்குப் பெரிய கட்டை டயர் தேவைதானே என்பது கேள்வி. தேவைதான். ஆனால் அந்தத் தேவை டயரின் அளவால் மட்டும் தீராது. சேற்றில் வண்டி புதைவது, தரையின் ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மேலும் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்பதைப் பொறுத்தது; அந்த அழுத்தம் ஏறக்குறைய டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்துக்குச் சமம். டயரைப் பெரிதாக்கிவிட்டு, நெடுஞ்சாலைக்கு அடிக்கும் அதே காற்றை வைத்துக்கொண்டு வயலில் இறங்கினால் புதைவது பெரிதாகக் குறையாது. காற்றைக் குறைத்தால்தான் டயர் பரந்து மிதக்கும். குறைத்த காற்றில் அதே எடையைத் தாங்கத்தான் பெரிய டயர் தேவைப்படுகிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா கட்டிய டக் என்ற நீர்நில வண்டி இதற்கு நல்ல சான்று. சாதாரண ராணுவ லாரியின் அடித்தளத்தில் கட்டப்பட்டது அது. அந்த லாரியில் இருந்தவை 7.50-20 டயர்கள், பின்னால் இரட்டையாக. டக் வண்டிக்கு 11.00-18 ஒற்றை டயர்கள் போட்டார்கள். ரிம்மின் விட்டத்தையே 20இலிருந்து 18க்கு மாற்றினார்கள், இரட்டையை ஒற்றையாக்கினார்கள், மணலில் காற்றைக் குறைத்துச் சாலையில் ஏற்ற ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இயங்கும் அமைப்பையும் சேர்த்தார்கள். பெரிய டயரை முறையாகப் பயன்படுத்த நினைத்தவர்கள் பழைய சக்கரத்தை அப்படியே விட்டுவைக்கவில்லை. ரிக் வண்டியின் எடை ஏறி இறங்குவதும் கிடையாது. எந்திரம் மாட்டிய நாளிலிருந்து ஏறக்குறைய அதே எடைதான். ஆகவே அதற்கேற்ற டிஸ்கையும் டயரையும் ஒருமுறை கணக்கிட்டுப் பொருத்திவிட முடியும். சரக்கு லாரிக்கு அந்த நிச்சயம் இல்லை.

மூன்றாவது மறுப்பு சட்டத்தின் தரப்பிலிருந்து வருகிறது: பழக்கம் குறைந்ததற்குக் காரணம் நடவடிக்கைதான் என்பது. 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பரம்ஜித் பாசின் வழக்கில், முன்பணம் வாங்கிக்கொண்டு ஓவர்லோடு வண்டிகளை அனுமதித்த மாநிலங்களின் ஏற்பாடுகள் செல்லாது என்றும், கூடுதல் சரக்கை இறக்கியே தீர வேண்டும் என்றும் சொன்னது. 2019 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பில், ஆர்.சி. என்ற பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக, தயாரித்தவர் சொன்னதற்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை உறுதியாக விளக்கியது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம் ஓவர்லோடு அபராதத்தை 2,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய்க்கு ஏற்றி, கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் உரிய தொகையை 2,000 ரூபாயாக்கியது. இவற்றின் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் பிரேக் இன்ஸ்பெக்டரின் கண் முன்னால் நிற்பது எடைமேடைச் சீட்டும் தேய்ந்த டயரும்தான். டிஸ்கில் பொறித்த ரிம் அகலத்தை யாரும் குனிந்து படிப்பதில்லை. டயர் அளவு மாறியதற்காக மட்டும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று மறுக்கப்படுவது வழக்கமாக இருந்திருந்தால் இந்தப் பழக்கம் இவ்வளவு காலம் நிலைத்திருக்காது.

பழக்கத்தைத் தளர்த்தியது டாரஸ். மூன்றும் நான்கும் அச்சுள்ள பெரிய லாரிகளுக்கெல்லாம் ஒரு மாதிரியின் பெயரே இங்கே பொதுப்பெயராகிவிட்டது. 1996ஆம் ஆண்டு அறிவிப்பின்படி நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன், எட்டு டயர் உள்ள இரட்டை அச்சுக்கு 19 டன். 2018 ஜூலையில் இவை முறையே 11.5 டன்னாகவும் 21 டன்னாகவும் உயர்ந்தன. ஆறு சக்கர வண்டிக்கு 16.2 டன் என்றிருந்த மொத்த எடை 18.5 டன்னுக்கும், பத்துச் சக்கர வண்டிக்கு 25 டன் என்றிருந்தது 28.5 டன்னுக்கும் போயின. இந்த எண்களில் டயரின் அளவு எங்கும் பேசவில்லை; எண்ணிக்கைதான் பேசுகிறது. ஒரு அச்சைச் சேர்த்தால் சட்டப்படியே மொத்த எடை சுமார் 10 டன் வரை கூடலாம் என்றான பிறகு, இருக்கிற அச்சில் டயரைப் பெரிதாக்கி இரண்டு டன் திருட யார் மெனக்கெடுவார்கள்? புதிதாக வந்த அச்சோடு புதிய டிரம்களும் புதிய ஸ்பிரிங்குகளும் சேர்ந்து வந்தன. பாரத்தைத் தாங்கும் உறுப்புகள் அனைத்தும் ஒருசேர வளர்ந்தது அப்போதுதான்.

சரக்கு மாறியதும் துணைநின்றது. நாமக்கல் மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்து 1997 ஜனவரி 1 முதல் தனியாக இயங்கத் தொடங்கிய காலத்தில், முட்டையும் சமையல் எரிவாயு டேங்கரும் இதன் அடையாளங்களாக வளர்ந்தன. முட்டை இடத்தை அடைக்கும், எடையை அல்ல. டேங்கரில் எவ்வளவு நிரப்பலாம் என்பதை அழுத்தக் கொள்கல விதிகளும் எண்ணெய் நிறுவனங்களின் ஒப்பந்தமும் நிர்ணயிக்கின்றன. ஒரு டன் கூடுதலாக ஏற்ற வழியே இல்லை. ஆகவே டேங்கர் உரிமையாளர் டயரில் தேடுவது நீண்ட ஆயுளையும் டீசல் சிக்கனத்தையும்தான். அந்த இடத்தில்தான் எஃகு இழை ரேடியல் நுழைந்தது. அதோடு வந்த டியூப்லெஸ் சக்கரங்களின் விட்டம் இருபத்திரண்டரை அங்குலம். ஒரே துண்டாகச் செய்த அந்த ரிம்மில் 20 அங்குல டயர் ஏறாது. லாக் ரிங்கும் இல்லை. பழைய பழக்கத்துக்கு இருந்த இயந்திர வாசல் அங்கே அடைபட்டது.

அந்த வாசல் இன்னும் முழுதாக மூடிவிடவில்லை. குவாரி டிப்பர்களிலும் பழைய ஆறு சக்கர லாரிகளிலும் 20 அங்குல டியூப் டயர்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்த வண்டிகளுக்குத்தான் இரண்டாம் கை, மூன்றாம் கை உரிமையாளர்கள், கடன் சுமை அதிகமுள்ளவர்கள். அவர்களிடம் அபராதச் சீட்டை நீட்டுவதைவிட எளிய வேலை ஒன்று இருக்கிறது. டயரின் அளவுக்கும் பிளைக்கும் அட்டவணை போட்டது போல, வண்டியோடு வந்த ரிம்மின் அகலத்தையும் அந்த ரிம் ஏற்கும் டயர் அளவுகளையும் ஆர்.சி.யிலேயே எழுதிவிடலாம், எஃப்.சி.யின்போது இரண்டையும் ஒப்பிட ஒரு நிமிடம் போதும். லாரி உரிமையாளர் சங்கங்கள் நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் வலுவாக இருக்கின்றன. பஞ்சர் கடைகளுக்குக் காற்றடிக்கும் கூண்டு வாங்கிக் கொடுப்பது அவற்றின் சக்திக்கு உட்பட்டதே. பெரிய டயர் தேவைப்படும் உரிமையாளர் அதற்குரிய டிஸ்கையும் சேர்த்தே வாங்கட்டும். அதற்குக் காசு போதாதென்றால் கம்பெனி சொன்ன டயரையே போடட்டும்.